காடு பார்க்கப் போகிறவர்களுக்கு: பரம்பிக்குளம் முதல் தேக்கடி வரை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஓர் அன்பர், தாம் குடும்பத்தோடு கென்யா போய் வந்தபோது எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். மாசாய் மாரா காட்டில் ஒரு சிங்கக் குடும்பம் வண்டியின் நிழலில் படுத்திருக்கிறது. பத்தடி தள்ளி யானைக் கூட்டம். அதற்குப் பின்னால் வரிக்குதிரைகள், எண்ணி முடியாது. படம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், மும்பையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பையன் என்னிடம் வந்து, "மாமா, உங்க ஊரு பக்கத்துலதானே தேக்கடி? போன வருஷம் நாங்க போனோம். ரெண்டு மணி நேரம் படகுல சுத்தியும் நாலு மான்தான் தெரிஞ்சுது. நம்ம காட்டுல மிருகமே இல்லையா?" என்று கேட்டான். அவனுக்கு அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. வாயால் சொல்லி முடிகிற விஷயமும் அல்ல. மலரில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். என் சொந்த ஊர் கம்பம். குமுளி மலையேறினால் தேக்கடி. ஆகையால் இது எனக்குக் கடனும்கூட.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். மாசாய் மாரா மிகப் பெரிய காடு, நம்முடையது சிறியது என்று பலர் நினைக்கிறார்கள். மாராவின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். பெரியாறு புலிகள் காப்பகம் 925. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காப்பகம் சுமார் 643. ஆக, அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை இல்லை. வேற்றுமை தாவரத்தில் இருக்கிறது. அங்கே புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைப்பு கிடையாது. நின்றாலும் படுத்தாலும் மிருகம் தெரியும். சிங்கத்துக்கே ஒளிய இடம் தேட வேண்டியிருக்கிறது! இங்கே மழைக்காடு, ஈட்டி, தேக்கு, மூங்கில், ஆளுயர ஈத்தல். இருபது முப்பது அடிக்கு அப்பால் ஒரு யானையே நின்றாலும் தெரியாது. நான் மிகைப்படுத்தவில்லை, யானையின் வயிறு இரையும் சத்தம் கேட்டு நின்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து அது நகர்ந்த பிறகுதான் எந்தத் திக்கில் இருந்தது என்று தெரிந்த அனுபவம் எனக்கே உண்டு.

நம் காட்டில் பார்ப்பது எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2018-19 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டினார்கள். எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும் கருவி. இரவு பகல் பார்க்காது, தும்மாது, பொட்டலம் பிரிக்காது. அவை எடுத்த படங்கள் மொத்தம் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651. வகுத்துப் பார்த்தால் சுமார் 455 படத்துக்கு ஒரு புலி! அதுவும் புலி நடமாடும் தடம் பார்த்து வைத்த கேமராவில். அப்படியிருக்க, ரெண்டு மணி நேரப் படகில் நமக்குப் புலி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? 2022 கணக்கெடுப்பின்படி கேரளக் காடுகள் முழுவதற்கும் சேர்த்தே 213 புலிகள்தான்.

அப்படியானால் எங்கே, எப்போது பார்க்கலாம்? இந்த எல்லைப் பகுதியில் காட்டின் குணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் போனால் பரம்பிக்குளம். வேடிக்கை என்னவென்றால் அது கேரளத்துக் காடு, ஆனால் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் சாலை வழியாக அங்கே போக முடியும். அங்கே தேக்குத் தோட்டங்களுக்கு நடுவில் 'வயல்' என்று சொல்லப்படும் ஈரப் புல்வெளிகள் இருக்கின்றன. நெல் வயல் அல்ல. சதுப்பான, மரமில்லாத பள்ளங்கள். மாலையில் காட்டெருமையும் புள்ளிமானும் மேய்வதற்கு அங்கேதான் இறங்கும். வனத்துறை வண்டியில்தான் சுற்றலாம். ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது.

உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர், மூணாறு போகும் சாலை சின்னாறு சரணாலயத்தை ஊடறுத்துப் போகிறது. கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். மழைமறைவுப் பகுதி; கள்ளி, முள்மரம், பாறை. ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலும், தரையில் நட்சத்திர ஆமையும் இங்கே உண்டு. பெரும்பாலான பேருந்துப் பயணிகள் தூங்கிக்கொண்டே இதைக் கடந்துவிடுகிறார்கள்.

அதே சாலையில் மேலே ஏறினால் இரவிகுளம் தேசியப் பூங்கா. மாராவுக்கு ஒப்பாக நம்மிடம் ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான்: மரமில்லாத உயர்மலைப் புல்வெளி. அதனால்தான் ராஜமலையில் வரையாடு அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுகிறது. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆனால் தனியொரு இடத்தில் மிக அதிகமாக வாழ்வது எல்லைக்கு அப்பால் இரவிகுளத்தில். 2025 ஏப்ரலில் இரு மாநில வனத்துறைகளும் சேர்ந்து எண்ணியபோது, மொத்தம் 2,600க்கு மேல் இருப்பதாகக் கண்டார்கள். பல்லாண்டுக் காலம் துப்பாக்கிச் சத்தம் கேளாமல் வளர்ந்ததால் ராஜமலை ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. மிருகம் தெரிவதற்கு வெட்டவெளி மட்டும் போதாது. நம்மால் தீங்கில்லை என்ற பழக்கமும் அதற்கு இருக்க வேண்டும்.

நம்மவர் அதிகம் போவது தேக்கடிக்குத்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தேக்கடி ஏரி இயற்கை ஏரி அல்ல. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் தேங்கிய நீர். அன்று மூழ்கிய காட்டின் மரங்கள்தான் இன்றும் தண்ணீருக்கு மேல் கட்டைகளாக நிற்பவை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின் மேல் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். படம் எடுக்கக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது, அசையவே அசையாது.

இந்த ஏரியில் மிருகம் பார்க்க எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. நாளிதழில் தினமும் அணை நீர்மட்டம் போடுகிறார்கள் அல்லவா, அதைப் பாருங்கள். நீர்மட்டம் 140 அடியைத் தொட்டு நிற்கிறது என்றால் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்குக் கொண்டாட்டம், படம் பிடிக்கப் போகிறவருக்குத் திண்டாட்டம். கரையோரப் புல் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். மழை பெய்து காடெங்கும் ஓடைகளில் தண்ணீர் ஓடும். யானை எதற்கு ஏரிக்கு வர வேண்டும்? கோடையில் மட்டம் 115, 120 அடிக்கு இறங்கும்போது வற்றிய கரையில் இளம்புல் முளைக்கிறது, உள்காட்டு ஓடைகள் காய்கின்றன. அப்போது யானை, காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி எல்லாம் கரைக்கு வந்தாக வேண்டும். கேள்வி கேட்ட பையனின் குடும்பம் தீபாவளி விடுமுறையில் போயிருக்கிறார்கள். நாலு மான் தெரிந்ததே பெரிய காரியம்.

கரைக்கு வரும் யானைக் கூட்டத்தைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கேட்பார்கள்: "எல்லாம் தந்தமில்லாத யானையா இருக்கே?" ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்குமே பொதுவாகத் தந்தம் உண்டு. நம் யானையில் ஆணுக்கு மட்டும். அதிலும் சில ஆண்களுக்குக் கிடையாது, மோழை என்போம். ஆனால் பெரியாற்றில் கொம்பன் குறைந்ததற்குக் காரணம் இயற்கை மட்டுமல்ல. 1970, 80களில் தந்தத்துக்காகக் கொம்பன்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள். 80களின் இறுதியில் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறுக்கும் மேல் என்று வந்தது. கன்று பிறப்பதே குறைந்துபோன காலம் அது. காவல் இறுகிய பிறகு நிலைமை மெல்லத் தேறி வந்தது. எனவே தேக்கடியில் ஒரு இளம் கொம்பனை நீங்கள் படம் எடுத்தால், அது சும்மா கிடைத்த படம் அல்ல.

அந்தக் காவலில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. குமுளிச் சுற்றுவட்டாரத்தில் சிலர் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போய் வயணப்பட்டை உரித்து விற்றுப் பிழைத்தவர்கள். காட்டிலவங்கப் பட்டை போன்றது அது. வழக்கும் சிறையுமாக அலைந்தவர்கள். 1990களின் பிற்பகுதியில், சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வனத்துறை இவர்களோடு பேசி, வழக்குகளைத் தளர்த்தி, பயணிகளுக்கு வழிகாட்டிகளாக மாற்றியது. இருபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறு முன்வந்தனர். பட்டை உரிக்கப் போன தடத்திலேயே பயணிகளை அழைத்துப் போய், வழியில் வேட்டைக்காரர் நடமாட்டத்தையும் கவனித்தார்கள். 2002 முதல் உள்ளூர்ப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் கூலி வாங்காமல் காட்டுரோந்து போனதும் இதே மண்ணில்தான்.

அப்படி ஒரு வழிகாட்டியோடு நான் ஒருமுறை நாள் முழுக்க நடந்தேன். பேச்செல்லாம் அசல் கம்பம் பேச்சு. "அண்ணே, எல்லாத்தையும் பாக்காதீங்க, ஒண்ணும் தெரியாது. எது அசையக்கூடாதோ அது அசையுதான்னு மட்டும் பாருங்க" என்றார். காற்றே இல்லாத நேரத்தில் ஒரே ஒரு ஈத்தல் புதர் ஆடினால் அங்கே யானை. மேலே கருமந்தி திடீரென்று கனைத்து, கீழே மிளா 'பாங்' என்று கத்தினால் புலியோ சிறுத்தையோ செந்நாயோ நகர்கிறது. லத்தியைக் காலால் உடைத்து உள்ளே சூடு இருக்கிறதா என்று பார்த்தார். ஏரிக்கரைச் சேற்றில் புலியின் கால்தடம் ஒன்று; பள்ளத்தில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் தாண்டியிருக்கு. இங்கிட்டுத்தான் எங்கயோ நின்னு நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கும்." அன்று புலி கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் பதினோரு அட்டை.

இனிப் படம் எடுப்பது பற்றி. நம் நாட்டில் இதற்கு முன்னோடிகளில் ஒருவர் தமிழர், மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். தமிழிலும் அருமையாக எழுதியவர். விலை உயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை. வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒன்றை உருவாக்கிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. யானை மேல் உட்கார்ந்தும் தரையில் காத்திருந்தும் தென்னிந்தியக் காடுகளில் யானைகளைப் படம் எடுத்தார். அவர் படங்களில் மிருகம் நம்மைப் பார்த்து மிரண்டு நிற்பது அரிது. தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் அந்தச் சிரமமெல்லாம் இல்லை. ஆனால் தேக்கடிப் படகில் சில சங்கடங்கள் உண்டு. படகு அதிர்ந்துகொண்டே இருக்கும். முக்காலி வைத்தால் அதிர்வு இன்னும் மோசம். கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தை ஐந்நூறில் ஒரு விநாடிக்குக் குறையாமல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிக்கொள்ளுங்கள். காட்டெருமையும் யானையும் கறுப்பு. பின்னால் தண்ணீர் பளபளக்கும். கேமரா தண்ணீரைக் கணக்கில் எடுத்து மிருகத்தைக் கரிக்கட்டையாக்கிவிடும். அதனால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுக்க வேண்டும். காலை முதல் படகு நல்லது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்; அந்தத் தூரத்துக்கு எட்டாது, கிட்டத்தில் அடித்தால் மிருகத்தின் கண்ணைக் கூசவைக்கும்.

செல்போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்ட லென்ஸ் உள்ளவன் இருந்த இடத்திலேயே இருந்து எடுக்கிறான். செல்போன்காரன் மிருகத்தை நெருங்கினால்தான் படம். அந்த நெருக்கத்தில்தான் எல்லா வினையும்.

2009 செப்டம்பர் 30 அன்று மாலை தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகம் தெரிந்ததும் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியதால் படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. படகின் அமைப்பில் இருந்த குறைகளும் பின்னர் பேசப்பட்டன. பல மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் அன்று இரவு நின்ற கூட்டத்தைப் பற்றி என் தங்கை போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று என் சொந்தத் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். சாலையோரம் ஒரு கொம்பன். ஏற்கெனவே நாலு வண்டி நின்றிருந்தது. மச்சினன் வண்டியை நிறுத்தினான். யானை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால், திரும்பட்டுமே என்று நானே ஹாரன் அடிக்கச் சொன்னேன். திரும்பியது, காதை விரித்து நாலு அடி முன்னால் வந்தது, படமும் கிடைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தோம். கொஞ்ச தூரத்தில் தலையில் விறகுக்கட்டோடு நின்றிருந்த தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "படம் புடிச்சிட்டீங்களாய்யா? நீங்க போயிருவீங்க. நாளைக்குக் காலைல இருட்டுல இந்த வழியாத்தான் நாங்க கொழுந்து எடுக்கப் போவணும். அதுக்கு நீங்க வேற நாங்க வேறன்னு தெரியுமா?" என்று கேட்டார். தமிழ்தான். மூணாறு தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும் நம் தமிழர்கள். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

மூணாற்றில் ரஜினி படத்தின் பெயரால் 'படையப்பா' என்று அழைக்கப்பட்ட கொம்பனை ஜீப்பில் துரத்தியும் ஹாரன் அடித்தும் படம் எடுத்ததாகச் செய்திகள் பலமுறை வந்ததுண்டு. சின்னக்கானல் பகுதியில் அரிசி தேடி வீடுகளை உடைத்த 'அரிக்கொம்பன்' கதை இன்னும் நீளம். 2023 ஏப்ரல் 29இல் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே 27 காலை அது எங்கள் கம்பம் நகரத் தெருவுக்குள் இறங்கிவிட்டது. ஊரடங்குத் தடை போட்டும் மொட்டை மாடியெல்லாம் செல்போன் பிடித்த கைகள். ஒருவர் பறக்கவிட்ட ட்ரோன் சத்தத்தில் யானை மிரண்டு ஓடியதாகவும் செய்தி வந்தது. அந்த யானை ஓடியபோது தாக்கப்பட்ட ஒருவர் பின்னர் இறந்துபோனார். ஜூன் 5இல் தமிழக வனத்துறை அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது.

சின்ன விஷயம் ஒன்று. இளைஞர்கள் கவனிக்க வேண்டும். நட்சத்திர ஆமையைக் கடத்திச் சென்று விற்கும் கூட்டம் இருக்கிறது. அதைப் பார்த்த இடத்தின் பெயரோடு படத்தை உலகுக்கெல்லாம் அனுப்பினால் வழி சொல்லிக் கொடுத்தது போலாகும். செல்போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள். நெல்லியாம்பதியிலும் வால்பாறையிலும் சிங்கவால் குரங்கைக் கண்டால் பிஸ்கட் போட்டுக் கூப்பிடாதீர்கள். மரத்திலேயே வாழ்ந்த பிராணி சாலைக்கு இறங்கப் பழகி, வண்டியில் அடிபடுகிறது.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் பருவமாதலால் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் பயணிகளை அனுமதிப்பதில்லை, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நீலக்குறிஞ்சி 2006லும் 2018லும் பூத்தது, அடுத்து 2030. மழைக்காலத்தில் காட்டில் நடப்பதானால் அட்டை ஏறாத துணி உறை அங்கேயே கொடுப்பார்கள், கூச்சப்படாமல் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். உடுப்பு பச்சை, காக்கி, மண் நிறத்தில் இருக்கட்டும். சந்தன மணமும் சென்ட் மணமும் வேண்டாம்.

கேள்வி கேட்ட பையன் இந்த ஏப்ரலில் மறுபடி தேக்கடி போகிறானாம். படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் யானை தெரியும் என்று கேட்டிருந்தான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இடத்தை விட்டு எழுந்திருக்காதே, திரும்பி வரும்போது மறு கரை உன் பக்கம் வந்துவிடும் என்று பதில் எழுதியிருக்கிறேன்.